சண்டிலிப்பாய் வீதியில் கசெற் காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1970களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை பாட்டுத் தொகுப்பு என்பது பெரும்பாலும் சொல்லிச் செய்விக்கும் பொருளாக இருந்தது. வேண்டிய பாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதி, வெறுங் கசெற் ஒன்றுடன் ஒலிப்பதிவுக் கடையில் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போய் எடுப்பார்கள். எந்தப் பாட்டு முதலில் வரவேண்டும், எது இரண்டாம் பக்கத்தில் வரவேண்டும் என்பதைக் கொடுத்தவரே முடிவு செய்தார். ஒரு குழுவின் சிறந்த பாட்டுகள் எவை என்று இசைத்தட்டு நிறுவனம் முடிவுசெய்து அச்சடித்த அட்டையோடு விற்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியிருந்த காலம் அது. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அந்த வேலையைக் கேட்பவரும் கடைக்காரரும் சேர்ந்து செய்தார்கள்.

சண்டிலிப்பாய், யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய் வழியாகச் சங்கானைக்கும் காரைநகருக்கும் போகும் வீதியில், நகரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீற்றரில் உள்ள ஊர். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்குதான் இருக்கிறது. கல்வளைப் பிள்ளையார் கோயிலும் சீரணி நாகபூசணி அம்மன் கோயிலும் ஊரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுபவை. நல்லூர் சின்னத்தம்பிப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் கல்வளைப் பிள்ளையார்மீது அந்தாதி பாடியிருக்கிறார். பாட்டைத் தொடுத்து வைப்பது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். அதன் கருவிதான் காலத்துக்குக் காலம் மாறியது.

கசெற்றுக்கு முன் இந்த வட்டாரத்தில் பெருங்கூட்டம் சேர்ந்து இசை கேட்ட இடம் கோயில் வீதி. திருவிழா இரவுகளில் நாதஸ்வரமும் தவிலும் விடியும்வரை நடக்கும். அளவெட்டி என். கே. பத்மநாதன், தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி போன்றோரின் கச்சேரிகளுக்கு ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானார். அவருடைய வாசிப்பு இன்றும் கேட்கக் கிடைப்பதற்கு, கோயில் வீதிகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்த இரசிகர்களும் ஒரு காரணம். கச்சேரி இல்லாத வேளையில் ஒலிபெருக்கியில் இசைத்தட்டு சுழலும். பின்னர் மெல்லிசைக் கோஷ்டிகள் வந்தன. 1970களில் கண்ணன் கோஷ்டி குடாநாட்டில் நன்கு அறியப்பட்ட பெயர்.

வீட்டுக்குள் இசை வந்த வழி வானொலி. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் ‘றேடியோ சிலோன்’ ஆனது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. இந்த நிலையத்தின் ஹிந்திச் சேவையில் 1952இல் அமீன் சயானி தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. ஆண்டு முடிவில் அந்த ஆண்டின் தலைசிறந்த பாட்டுகளையும் அறிவித்தது. தெற்காசியாவில் ‘சிறந்த பாட்டுகளின் தொகுப்பு’ என்ற எண்ணம் மக்களிடம் பரவியதில் இந்நிகழ்ச்சிக்குப் பெரிய பங்குண்டு. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வீட்டுக் குரல்களாயின. ஆனால் வானொலிப் பாட்டு ஒலித்ததும் போய்விடும். விரும்பியபோது திரும்பக் கேட்க இசைத்தட்டு வேண்டும். தட்டும் அதைச் சுழற்றும் பெட்டியும் வசதியுள்ள வீட்டுப் பொருட்கள்.

இதை மாற்றியவை மூன்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசெற் முதலாவது. 3.81 மில்லிமீற்றர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். 60 நிமிடக் கசெற்றில் சினிமாப் பாட்டு 12 முதல் 14 வரை கொள்ளும். 90 நிமிடத்தில் 20 வரை. இரண்டாவது, 1977இன் ஆட்சி மாற்றம். அதற்கு முந்திய ஏழாண்டு இறக்குமதிக் கட்டுப்பாட்டில் அரிதாயிருந்த ஜப்பானிய றேடியோ கசெற் பெட்டிகள், திறந்த பொருளாதாரம் வந்ததும் கடைகளில் நிறைந்தன. மூன்றாவது மத்திய கிழக்கு வேலை. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்த பொருட்களில் வானொலியும் கசெற்றும் சேர்ந்த ‘ரூ இன் வண்’ பெட்டி தவறாமல் இருந்தது.

யாழ்ப்பாண நகரின் பெரிய ஒலிப்பதிவுக் கடைகளைப் பார்த்துச் சிறு சந்திகளிலும் அந்தத் தொழில் பரவியது. கடைக்காரரின் முதலீடு முக்கியமாக மூன்று பொருள்: இந்தியாவிலிருந்து வந்த இசைத்தட்டுகள், நல்ல தட்டுச் சுழற்றி, இரட்டைக் கசெற் டெக். தட்டிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு முதல் தரம். கசெற்றிலிருந்து கசெற்றுக்கு எடுத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடும். அதனால் ‘தட்டிலிருந்தா?’ என்று கேட்டே கசெற்றைக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 90 நிமிட நாடா மெல்லியது, சிக்கும்; ஆகவே அடிக்கடி போடுவதற்கு 60 நிமிடமே நல்லது என்பது அனுபவ அறிவு. பதிவு அழியாமலிருக்கக் கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள சிறு தகட்டை உடைத்துவிடுவார்கள். மறுபடி பதிய வேண்டுமானால் அந்தக் குழியை ஒட்டுநாடாவால் மூடினால் போதும்.

நல்ல கடைக்காரர் வெறும் படியெடுப்பவராக நின்றுவிடவில்லை. பக்கம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஐந்து நிமிடப் பாட்டைத் தொடங்கிப் பாதியில் வெட்டாமல், அளவான பாட்டொன்றைத் தேடி நிரப்புவார். அந்தப் பாட்டு கொடுத்தவரின் பட்டியலில் இருக்காது. ஆனால் அவருடைய விருப்பத்தை அறிந்து சேர்த்ததாக இருக்கும். பலர் ஒரு பாடகரை, ஒரு இசையமைப்பாளரைப் புதிதாகக் கண்டடைந்தது இப்படி நிரப்பிய கடைசி மூன்று நிமிடத்தில்தான். தொகுப்பாளர் என்ற பட்டம் யாரும் கொடுக்காவிட்டாலும் அவர்கள் செய்தது தொகுப்பாளர் வேலையே.

இவற்றுக்கு உரிமைப்பணம் யாருக்கும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1979இலேயே புலமைச் சொத்துச் சட்டம் இருந்தது. கடை மேசைவரை அது வந்து சேரவில்லை. இழப்பு இசையமைத்தவர்களுக்கு உண்மையானது. அந்தக் கடைகள் இல்லாதிருந்தால் அந்த இசையின் பெரும்பகுதி இந்த ஊர்களுக்கு வந்தே இராது என்பதும் அதே அளவு உண்மை.

ஆட்டத்துக்கான இசை இந்தத் தொகுப்புகளில் தனி இடம் பிடித்தது. போர்த்துக்கேயர் வழிவந்த பைலா, ஆறெட்டுத் தாளத்தில் நாடு முழுவதும் ஆட வைத்த வடிவம். 1960களின் கடைசியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், பேச்சுத் தமிழையும் அந்தத் துள்ளலையும் சேர்த்துத் தமிழ்ப் பொப் இசைக்கு வழி திறந்தார். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடலைக் கடந்து தமிழ்நாட்டிலும் பரவியது. கலியாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கிலும் இந்தப் பாட்டுகள் இல்லாத கசெற்றை எண்ணிப் பார்ப்பது கடினம். அவற்றோடு மேற்கு ஜேர்மனியில் உருவான பொனி எம் குழுவின் டிஸ்கோப் பாட்டுகளும் வந்தன. அந்தக் குழுவின் இருபது பாட்டுகளைக் கொண்ட தொகுப்பு 1980இல் வெளியானது. பட்டியலில் ஆங்கிலப் பெயரை எழுதத் தெரியாதவரும் மெட்டை முணுமுணுத்துக் காட்டினால் போதும், கடைக்காரர் எடுத்துவிடுவார்.

இலத்திரனியல் ஒலி தமிழ்க் காதுக்குப் பழகியது சினிமா வழியாக. மேற்கில் ஜேர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1970களிலேயே முழுக்க மின்னணுக் கருவிகளால் இசையமைத்தது. டொனா சமருக்காக ஜோர்ஜியோ மொரோடர் 1977இல் செய்த பாட்டு நடன மேடையை மாற்றியது. தமிழில் அந்த ஒலி முழு உருவத்தோடு வந்த ஆண்டு 1986 எனலாம். இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்த ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ இரண்டும் அந்த ஆண்டுப் படங்கள். ஆள் வாசிக்கும் பறையும் தபேலாவும் ஒருபோதும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் விழுவதில்லை. இயந்திரத் தாளம் விழும். அந்தத் திட்டமான அடிதான் புதுமை. சிறு ஸ்பீக்கரில் அதன் அடித்தாளம் எடுபடாது என்பதால், மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திக் கேட்ட இளைஞர்கள் குடாநாட்டில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1987 ஆகஸ்டில், மான்செஸ்டரின் நியூ ஓர்டர் குழு ‘சப்ஸ்ரன்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 1983இல் வெளிவந்து நடன மேடைகளை ஆண்ட ‘புளூ மண்டே’ உட்பட, அக்குழு 12 அங்குலத் தட்டுகளாக வெளியிட்டிருந்த பாட்டுகள் அதில் சேர்க்கப்பட்டன. குழுவின் நிறுவனத்தை நடத்திய ரோனி வில்சன் தன் காரில் இருந்த இறுவட்டுக் கருவியில் அவற்றை ஒன்றாகக் கேட்க விரும்பியதே தொகுப்புக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. கேட்கும் ஆசையிலிருந்து தொகுப்பு பிறந்தது என்ற அளவில் அதுவும் சந்திக்கடைக் கசெற்றும் ஓரினம். அதே ஆகஸ்டில் குடாநாட்டில் இந்திய இராணுவம் வந்திறங்கியிருந்தது. ஒக்ரோபரில் அதற்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் வெடித்தது.

1990 யூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள் கட்டுப்படுத்தப்பட்டது, ரோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. ஒலிப்பதிவுத் தொழில் இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சைக்கிளின் டைனமோ 6 வோல்ற், 3 வாற் மின்சாரம் தரும், அது ஆடலோட்டம். டயோட்டுகளால் நேரோட்டமாக்கி, கொள்ளளவியால் சீராக்கினால் சிறு வானொலிக்கும் கசெற் பெட்டிக்கும் போதும். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். கை தளர்ந்தால் பாட்டும் தளரும். பாடகரின் குரல் தடித்து இழுபடும். மின்சாரம் சீராக இருந்த நாட்களில் யாரும் நினைத்துப் பாராத உழைப்பு ஒவ்வொரு பாட்டுக்கும் செலவானது. ஆகவே எதைக் கேட்பது என்ற தெரிவும் இறுகியது. இருபது பாட்டில் ஐந்தையே கேட்க முடியுமென்றால் அந்த ஐந்து எவை என்பதில் வாக்குவாதம் நடக்கும். ஓய்ந்த பற்றரிகளை வெயிலில் வைத்தும் துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் இன்னும் சிறிது உயிர் எடுத்தார்கள். ஏ. ஆர். ரகுமானின் ‘ரோஜா’ 1992இல் வந்தபோது, திருச்சி வானொலியைப் பிடித்துக் கேட்டவர்கள் வழியாக அந்தப் புதிய ஒலி இருட்டான ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தக் கசெற்றுகளுக்குப் பேரிழப்பு 1995 ஒக்ரோபர் 30. அரசுப் படைகளின் நடவடிக்கை நெருங்க, வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தது. சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை மக்களும் இலட்சக்கணக்கானோருடன் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கையில் எடுத்தது உடுப்பு, அரிசி, உறுதிப்பத்திரங்கள், குழந்தைகள். கசெற்றை எடுத்தவர் மிகச் சிலர். 1996 சித்திரைக்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு வீட்டில் கூரையும் கதவும்கூட மிஞ்சவில்லை. நிறுவனம் வெளியிட்ட தட்டென்றால் வேறெங்கோ இன்னொரு பிரதி இருக்கும். ஒரு வீட்டார் தம் விருப்பப்படி செய்வித்த தொகுப்புக்கு மறுபிரதி கிடையாது. தனித்தனிப் பாட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்த வரிசைகள் அழிந்தன.

பாட்டுகளைச் சேர்த்துத் தொகுக்கும் முறை புலம்பெயர் நாடுகளில் வேறு பெயரில் தொடர்ந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ் இளைஞர்கள் சினிமாப் பாட்டையும் மேற்கத்திய நடன இசையையும் கலந்து கொண்டாட்டங்களில் ஒலிக்க வைத்தார்கள். உலகறிந்த பெயர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. 1975இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, குழந்தைப் பருவத்தை அங்கும் சென்னையிலும் கழித்து, 1986இல் இலண்டன் திரும்பியவர். றோலண்ட் எம்.சி. 505 என்ற சிறு இலத்திரனியல் கருவியில் தாளங்களை அமைத்துத் தொடங்கினார். 2004 டிசெம்பரில், முதல் இசைத்தொகுதியான ‘அருளர்’ வருமுன், டிப்ளோ என்ற இசைஞருடன் சேர்ந்து கலவைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். பிறருடைய பாட்டுகளின் துண்டுகளோடு தன் குரலை இணைத்து, நிறுவனத்தின் ஊடாக அல்லாமல் வெளியிட்ட தொகுப்பு அது. 2007இல் வந்த அவரது ‘கலா’ தொகுதியில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்த ஒலியும், சென்னையில் பதிந்த தாளக் கருவிகளும் இருக்கின்றன. சந்திக்கடைக்கும் இதற்கும் நேர்க்கோடு இழுப்பது மிகை. கைக்குக் கிடைத்த ஒலிகளை அனுமதிக்குக் காத்திராமல் ஒரு தொகுப்பில் சேர்ப்பது என்ற முறை மட்டும் இரண்டுக்கும் பொது.

குடாநாட்டை நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்தபின் இறுவட்டும் அடுத்து எம்.பி.3யும் குடாநாட்டில் கசெற்றின் இடத்தைப் பிடித்தன. நூறு பாட்டை ஒரே வட்டில் எழுதலாம் என்றானதும் தெரிவின் தேவையே குறைந்தது. தப்பிய கசெற்றுகள் இன்று பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு உதிரும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகிறது. ஒலிப்பதிவுகளும் அதன் சேகரத்தில் இடம்பெறுகின்றன. வீட்டுக் கசெற்றைப் படியெடுப்போர், பாட்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டாமல் ஒரு பக்கத்தை முழுதாக ஒரே கோப்பில் எடுப்பதும், கையால் எழுதிய பட்டியல் அட்டையின் இரு புறத்தையும் படமெடுத்துச் சேர்ப்பதும் நல்லது. எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தது, எங்கே கடைக்காரர் நிரப்பினார் என்பதை வேறெந்த ஆவணமும் சொல்லாது.