லினக்ஸ் கம்ப்யூட்டரில் திடீர்னு சவுண்டு, கேமரா வேலை செய்யலையா? 'லாகின் மேனேஜர்' செக் பண்ணுங்க!

ஆன்லைன் இன்டர்வியூவுக்கு இன்னும் 5 நிமிஷம்தான் இருக்கு. லினக்ஸ் லேப்டாப்பில் திரை ஒரு நொடி கறுப்பாகி, மறுபடியும் லாகின் பக்கம் வருது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் சவுண்டு இல்லை, கேமரா இல்லை. பென் டிரைவ் சொருகினால் அட்மின் பாஸ்வேர்டு கேட்குது. உடனே சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். மெஷின் நல்லாவே இருக்கலாம். போனது 'அனுமதி'யாக இருக்கலாம்.

லினக்ஸ் நமக்குப் புதுசா?

இல்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இங்கே சொல்லும் சிக்கல் எந்த ஒரு லினக்ஸுக்கும் மட்டும் உரியது அல்ல. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என எதிலும் வரலாம்.

லாகின் மேனேஜர் என்ன செய்யுது?

திண்டுக்கல் பூட்டு தெரியும்தானே? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூட்டுதான். பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. லினக்ஸில் மைக், கேமரா, கிராபிக்ஸ் கார்டு எல்லாமே பூட்டிய அறைகள் மாதிரி. சாவிக்கொத்தை வைத்திருப்பது 'சிஸ்டம்டி-லாகின்டி' என்ற பின்னணி புரோகிராம். திரைக்கு முன்னால் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அவருக்கு மட்டும் சாவி கொடுக்கும். அக்கா எழுந்து தம்பி அவர் கணக்கில் நுழைந்தால், சாவியும் கை மாறிவிடும்.

அப்போ கிராஷ் ஆனால் என்னாகும்?

லாகின் திரையைக் காட்டும் புரோகிராம் (ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம்) வேறு, சாவி கொடுக்கும் லாகின்டி வேறு. இதில் ஏதாவது ஒன்று பாதியில் விழுந்தால், பெரும்பாலும் தானே எழுந்து சமாளித்துவிடும். சில சமயம் கணக்கு குழம்பிவிடும். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். ஆனால் 'திரைக்கு முன்னால் இருப்பவர்' பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அதனால் சாவியும் வராது.

எப்படி சரிசெய்வது?

* முதலில் வேலையை சேவ் செய்துவிட்டு, முழுசா லாக்-அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். சரியாகவில்லை என்றால் ரீஸ்டார்ட். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.
* ரீஸ்டார்ட் செய்ய நேரமில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பிறகு கன்ட்ரோல், ஆல்ட்டுடன் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7 அழுத்தித் திரும்புங்கள். இந்த மாற்றத்தின்போது சாவி புதிதாகக் கொடுக்கப்படும்.
* டெர்மினலில் 'லாகின்சிடிஎல்' என்ற கட்டளை கொடுத்தால் யார் யார் உள்ளே என்ற பட்டியல் வரும். உங்கள் பெயருக்கு நேராக 'சீட்0' இல்லை என்றால், கோளாறு இங்கேதான்.

இதை மட்டும் செய்யாதீங்க!

'777 பெர்மிஷன் கொடு, சரியாயிடும்' என்று சிலர் சொல்வார்கள். அது பூட்டையே கழற்றி வைக்கிற வேலை. அந்த மெஷினில் கணக்கு உள்ள எவரும் உங்கள் மைக்கையும் கேமராவையும் திறக்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் அந்த மாற்றமும் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

'ஆடியோ குரூப்பில் உங்கள் பெயரைச் சேருங்கள்' என்பதும் நிரந்தரத் தீர்வு அல்ல. அந்தக் குரூப்பில் இருப்பவர், வேறு ஊரிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழைந்தாலும் மைக்கைப் பயன்படுத்த முடியும். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் பிரவுசிங் சென்டர், காலேஜ் லேப் போன்ற இடங்களில் இது பெரிய ஆபத்து.

அடிக்கடி இப்படியே நடந்தால், சாஃப்ட்வேர் அப்டேட் செய்து பாருங்கள். பூட்டு மேல கோபப்பட்டு கதவை உடைக்காதீங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க!