இரசிகனும் மைதானமும்: மாத்தளை உதைபந்தாட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிண்ணம் ஏந்தியோரின் பெயர்கள் பதிவேறுகின்றன; அவர்களுடன் ஆடித் தோற்றோரும் ஓரளவு நினைவுகூரப்படுகின்றனர். மைதானத்தின் ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று, தம் அணி தோற்பதை ஆண்டுக்கணக்காகக் கண்டும், அடுத்த வாரம் மீண்டும் வந்து நிற்கும் இரசிகர் கூட்டத்துக்கோ அவ்வரலாற்றில் இடமில்லை. மக்கள் வரலாறு பற்றிப் பேசும் நாம் இக்கூட்டத்தைப் புறக்கணித்தல் தகாது.

மாத்தளை மாவட்டத்தைக் களமாகக் கொண்டு இரண்டு வினாக்களை இக்கட்டுரையில் எழுப்புவோம். மாத்தளையின் உதைபந்தாட்ட இரசிகர், குறிப்பாகத் தோட்டப்புற இரசிகர், பிறவூர்க் கழகங்களையே தமதாகக் கொள்ள நேர்ந்தது ஏன்? வெற்றி அரிதாகவே வாய்த்த இப்பற்று தலைமுறை கடந்து நிலைத்தது எவ்வாறு? இவற்றுக்குரிய விடையை ஆட்டத்தின் நுட்பங்களில் தேடிப் பயனில்லை. நிலம், உழைப்பு, பிரசாவுரிமை ஆகிய மூன்றின் வரலாற்றிலேயே அது தங்கியுள்ளது என்பது எமது கருத்து.

1. பத்துக் கழகங்கள்

இலங்கை உதைபந்தாட்டத்தைத் தொழில்முறைக்கு உயர்த்தும் நோக்குடன் 2021 ஆம் ஆண்டு சுப்பர் லீக் போட்டித்தொடர் ஆரம்பிக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற கழகங்கள் பத்து. அவற்றை வகைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். புளூ ஈகிள்ஸ், டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ் ஆகிய மூன்றும் முறையே விமானப்படை, தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் அணிகள். இரட்ணம், ரினோன், கொழும்பு ஆகிய மூன்றும் தலைநகரைச் சேர்ந்தவை. களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவையின் நியூ யங்ஸ் ஆகிய மூன்றும் மேற்குக் கரையோரத்துக்குரியவை. எஞ்சிய ஒன்று நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ்.

அதாவது மத்திய மலைநாடு முழுவதற்கும் வாய்த்தது ஒரு கழகமே. அது புகையிரதப் பாதையால் வளர்ந்த நாவலப்பிட்டி நகரில் வேரூன்றியது. மாத்தளைக்கு அப்பட்டியலில் இடமில்லை. எனவே ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் வாழும் இரசிகர், மலைநாட்டின் பெயரைத் தாங்கிய ஒரே கழகத்தைத் தமதெனக் கொள்வதும், கொட்டாஞ்சேனைத் தமிழரின் அன்பைப் பெற்ற இரட்ணத்தின்பால் மனத்தைச் செலுத்துவதும் இயல்பாயின. இரவல் வாங்கிய பற்று இது. ஆயினும் இரவல் என்பதனால் அது தரும் வேதனை குறைந்துவிடுவதில்லை.

2. கழகம் தோன்றும் நிலம்

கழகம் என்பது பதினொருவர் கூடியதும் தோன்றிவிடும் ஒன்றன்று. அதற்கு ஓய்வு நேரம் வேண்டும்; நிலையாகக் குடியிருக்கும் மக்கள் வேண்டும்; சமதரையான நிலத்தின்மீது உரிமை வேண்டும்; செலவைத் தாங்கும் புரவலரோ சந்தாதாரரோ வேண்டும். உலக வரலாறு இதனை மெய்ப்பிக்கின்றது.

இங்கிலாந்தில் 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைத் தொழிலாளருக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வை உறுதிசெய்தது. அவ்வோய்விலேயே தொழிலாளர் உதைபந்தாட்டம் தழைத்தது. 1883 இல் நெசவாளர் முதலிய உழைப்பாளரைக் கொண்ட பிளக்பேர்ன் ஒலிம்பிக் அணி, சீமான்களின் கல்லூரியொன்றின் பழைய மாணவரான ஓல்ட் ஈற்றோனியன்ஸ் அணியை வென்று எப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. இரண்டாண்டுகளின் பின், 1885 இல், ஆட்டத்துக்குக் கூலி பெறுவது அங்கு சட்டபூர்வமாயிற்று. மான்செஸ்டர் யுனைற்றெட் புகையிரதத் தொழிலாளரிடமிருந்தும், ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளரிடமிருந்தும் பிறந்தன.

கல்கத்தாவில் 1911 இல் மோகன் பகான் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படையணியொன்றை வென்று கேடயம் பெற்றமை பலரறிந்த செய்தி. ஆயின் எமது ஆய்வுக்கு மிகப் பயன்படுவது 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகமாகும். 1947 இன் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்த அகதிகள், இழந்த ஊரின் பெயரை அக்கழகத்தில் கண்டனர். வீடும் நிலமும் போனபின் எஞ்சிய முகவரியாக அது விளங்கியது. இடம்பெயர்ந்தோருக்குக் கழகம் என்ன செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இலங்கையிலும் துறைமுகம், சந்தை, மீன்பிடி, படைமுகாம் ஆகியவற்றைச் சார்ந்தே வலிய கழகங்கள் எழுந்தன. மேற்கூறிய பத்தின் புவியியல் தற்செயலானதன்று என்பது இதனாற் பெறப்படும்.

3. தோட்டமும் மைதானமும்

மாத்தளை, பெருந்தோட்ட வரலாற்றின் தலைவாயில் எனலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். கண்டியிலிருந்து புகையிரதப் பாதை 1880 இல் மாத்தளையை எட்டியது. விளைபொருளை ஏற்றிச் செல்லவே அது வந்தது.

கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் பரவியபோது, நிலம் முழுவதும் பயிருக்குரியதாயிற்று. மலைச்சரிவில் சமதரை அரிது. கிடைத்த சமதரையில் தொழிற்சாலையும் பங்களாவும் எழுந்தன. துரைமாரின் கிளப்புகளில் டென்னிசும் ரக்பியும் நிகழ்ந்தன. லயத்துப் பிள்ளைகளோ தொழிற்சாலையின் பின்புறத்து வெளியில், துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்தனர். மைதானம் என ஒன்று இருந்த தோட்டங்களிலும் அது முகாமையின் சொத்து. துரையின் அனுமதியின்றி அங்கு போட்டி நடத்த இயலாது. வெளியார் தோட்ட எல்லைக்குள் நுழைவதே அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட காலத்தில், அயலூர் அணியை ஆட அழைப்பதும் ஓர் அரசியற் காரியமாகவே இருந்தது.

ஓய்வு நேரத்தின் கதையும் இத்தகையதே. விடியற்காலைப் பிரட்டில் தொடங்கும் வேலைநாள் ஆறு. எஞ்சியது ஞாயிறு ஒன்றே. வேலைநாளில் ஆட்டம் பார்க்கச் சென்றவர் ஒரு பேரை இழந்தார். அரைப்பேருடன் தப்பியவர் அதிர்ஷ்டசாலி. இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. மைதான ஓரத்தில் நின்ற கூட்டம் ஆண்களின் கூட்டம். வாரமெல்லாம் கொழுந்து பறித்த பெண், ஞாயிறன்று துணி வெளுத்து, விறகு தேடி, தண்ணீர் சுமந்தாள். இரசிகனின் ஓய்வு அவளது உழைப்பின்மீது அமைந்ததாகும். அவளுக்கு எக்கழகத்தின் தோல்விக்காகவும் வருந்தும் அவகாசம் இருக்கவில்லை.

4. பிரசாவுரிமையற்றோரின் பற்று

1939 ஆம் ஆண்டு இரு அமைப்புகள் இந்நாட்டில் தோன்றின. ஒன்று நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம். மற்றையது இலங்கை இந்தியக் காங்கிரஸ். இவ்விரண்டின் பிற்கால வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயன் தரும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1952 இல் இலங்கை உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவில் இணைந்தது. அதே ஆண்டிலேதான் மலையகத் தமிழர் தம் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பிலும் இலங்கை இணைந்தது. உலக விளையாட்டு அரங்கில் நாட்டுக்கு இடம் கிடைத்த வேளையில், நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டியோருக்கு அந்நாட்டிலேயே இடம் மறுக்கப்பட்டது.

1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இன் ஒப்பந்தத்தின்படி சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி வேறு நாட்டவனாகவும் ஆயினர். உறவினர் அழுது வழியனுப்பிய வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். தோட்டத்து உதைபந்தாட்ட அணி மட்டும் இதற்கு விலக்காயிருத்தல் எவ்வாறு இயலும்? பின்வரிசையும் முன்வரிசையும் இரு நாடுகளுக்குப் பிரிந்தபின் எஞ்சியோரைக் கொண்டு கழகம் கட்டுதல் எளிதன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை அடுத்துத் தொழிலும் வாழ்விடமும் இழந்தோர் பலர் வன்னிக்குச் சென்றனர். 1983 யூலை வன்செயலில் மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் சேதமுற்றது. புரவலராகக்கூடிய வணிகர் தாமே அகதிகளாயினர்.

ஈஸ்ட் பெங்காலின் அகதிக்கு, தான் இழந்த ஊரின் பெயரில் ஒரு கழகமேனும் இருந்தது. மலையகத்தவரின் இடப்பெயர்வு அத்தகைய கழகம் எதனையும் விட்டுவைக்கவில்லை. இலக்கியத்தில் நிலைமை வேறு. மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் சூடியோர் ஒரு பரம்பரையாகவே எழுந்தனர். எழுதுவதற்குத் தாளும் பேனையும் போதும். ஆடுவதற்கு நிலம் வேண்டும்.

5. தோல்வியுடன் வாழ்தல்

மாத்தளையிலிருந்து நாவலப்பிட்டி ஜயதிலக மைதானத்துக்குச் செல்ல விழையும் இரசிகர் கண்டியில் பஸ் மாற வேண்டும். நாமும் அவ்வாறு சென்றதுண்டு. ஆட்டம் முடியுமுன் எழுந்தாலன்றித் திரும்பும் கடைசி வண்டி கிட்டாது. இறுதிப் பத்து நிமிடங்களைக் காணாமலே வந்து, முடிவை மறுநாள் பத்திரிகையில் அறிந்த காலமும் உண்டு. வெற்றியைக் கண்ணாற் காணாது விட்ட வருத்தம் ஒருபுறம். தோல்வியைக் காணாது தப்பிய ஆறுதல் மறுபுறம்.

தேசிய அணியின்பால் திரும்பினும் துயரம் தீரவில்லை. 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று பெற்ற தெற்காசியக் கிண்ணமும், 2006 இல் ஆசிய சலஞ்ச் கிண்ண இறுதியாட்டம்வரை சென்று தஜிகிஸ்தானிடம் தோற்றமையும் இரசிகரின் நினைவுப் பெட்டகத்துப் பொற்காசுகள். 2019 இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மக்காவுவிடம் முதல் ஆட்டத்தை 0–1 என இழந்தோம். அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் பாதுகாப்பைக் காரணங்காட்டி மக்காவு அணி இங்கு வர மறுத்தமையால், இரண்டாம் ஆட்டம் 3–0 என எமக்கு வழங்கப்பட்டது. நெடுநாள் காத்திருந்த வெற்றி, பந்து உருளாத ஒரு மைதானத்தில் வந்து சேர்ந்தது.

2021 இன் சுப்பர் லீக்கைப் பெருந்தொற்று இடைமறித்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கே மக்கள் வரிசையில் நின்றனர். 2023 சனவரியில், நிருவாகத்தில் வெளியார் தலையீட்டைக் காரணமாகக் கூறிப் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஆகஸ்ட் மாதத்திலேயே நீங்கியது. நிருவாகிகளின் பூசலுக்குரிய தண்டனையை ஆட்டக்காரரும் இரசிகரும் அனுபவித்தனர்.

இத்தனைக்குப் பின்னும் இரசிகர் விலகவில்லை. இதனைப் பேதைமை எனவோ, மக்களை மயக்கும் பொழுதுபோக்கு எனவோ ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்காளரிடையேயும் காணப்படுகின்றது. இது குறைபாடுடைய நோக்கு. எந்நாட்டுக்குரியவன் என்பதை அரசுகள் இரண்டு தீர்மானித்த காலத்தில், எவ்வணிக்குரியவன் என்பதைத் தோட்டத் தொழிலாளி தானே தீர்மானித்தான். விண்ணப்பப் படிவமோ சான்றிதழோ இன்றி அவன் பெற்ற உறுப்புரிமை அது ஒன்றே. தோற்பதனால் அதனைக் கைவிடுபவன், வேறு பல உரிமைகளை எளிதாகப் பெற்றவனாகவே இருத்தல் வேண்டும்.

6. முடிவாக

எனினும் இப்பொறுமையைப் போற்றுவதுடன் நாம் அமைந்துவிடலாகாது. பொறுமையின் புகழ்ச்சி, அதற்குக் காரணமான வறுமையை மறைக்கும் திரையாகவும் பயன்படும். 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரசாவுரிமைப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தன. நிலத்தின் பிரச்சினை தீரவில்லை. 1992 இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின்னும், லயத்தில் வாழ்வோர் தாம் குடியிருக்கும் நிலத்துக்கும் தம் பிள்ளைகள் ஆடும் நிலத்துக்கும் பொதுவாக உரித்துப் பெறவில்லை. வீட்டுக் காணிக்கான கோரிக்கை இன்று உரத்து ஒலிக்கின்றது. அக்கோரிக்கையில் மைதானக் காணியும் ஒரு வரியாக இடம்பெறுதல் வேண்டும். அம்மைதானத்தில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒருங்கே உரிமை இருத்தல் வேண்டும்.

மாத்தளையின் பெயரால் முதல்தரக் கழகமொன்று எழுமாயின் அதுவும் தோற்கக்கூடும்; பலமுறை தோற்கக்கூடும். அப்போதும் ரத்தோட்டை இரசிகர் மழையில் நின்று அதனைப் பார்ப்பார். ஆனால் கண்டியில் பஸ் மாறவேண்டிய தேவை அவருக்கு இராது. இறுதி நிமிடம்வரை நின்று, தோல்வியையேனும் முழுமையாகக் கண்டபின் வீடு திரும்புவார்.