பெரிபெரி நோயும் தீட்டிய அரிசியும்: ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உணவு பற்றிய விஞ்ஞானம் தன் அடிப்படைகளை நிறுவிவிட்டதாகவே கருதப்பட்டது. 1894ஆம் ஆண்டில் ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் மக்ஸ் றூப்னர், நாயொன்றின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் அவ்வுடல் பயன்படுத்திய உணவின் சக்திக்குச் சமமானது என அளந்து காட்டினார். உணவு உடலின் எரிபொருள். புரதமும் கொழுப்பும் காபோவைதரேற்றும் உப்புக்களும் நீரும் போதியளவு கிடைப்பின் உயிர் நிலைபெறும் என்பதே அக்காலக் கொள்கை. ஆயின், அதே காலத்தில் ஆசியாவின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் வயிறார உண்டவர்களே கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மாண்டுகொண்டிருந்தனர். பெரிபெரி எனப்பட்ட இந்நோயின் காரணம் உண்கலத்திலேயே இருந்தும் அறிஞர் கண்ணுக்கு நெடுங்காலம் புலப்படாது போயிற்று. அதற்கான காரணம் சிந்திக்கற்பாலது.

சுமாத்திராவின் அச்சே மக்களுக்கெதிராக ஒல்லாந்தர் நடத்திய நீண்ட போரில், அவர்தம் படையினர் பலரை இந்நோய் வீழ்த்தியது. இதனை ஆராய 1886ஆம் ஆண்டில் ஒல்லாந்த அரசு ஒரு குழுவைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. றொபேட் கொக்கின் கண்டுபிடிப்புகள் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. நோயெனின் அதற்கொரு கிருமி இருத்தல் வேண்டும் என்ற நம்பிக்கையுடனேயே குழுவினர் பணியாற்றினர். குழுவினர் நாடு திரும்பியபின், கொக்கிடம் பயின்றவரான கிறிஸ்தியான் ஐக்மன் பத்தாவியாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1889இல் ஐக்மனின் ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. கிருமி ஏற்றப்பட்டவை மட்டுமன்றி, ஏற்றப்படாதவையும் நோயுற்றன. சில மாதங்களின் பின் அவை தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை சமையலறையிலிருந்து வெளிப்பட்டது. இராணுவ வைத்தியசாலையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறே அதுவரை அவற்றுக்கு இரையாக இருந்தது. புதிதாக வந்த சமையற்காரரோ, படையினருக்குரிய சோற்றைப் பிறர் கோழிகளுக்கு வழங்க மறுத்துவிட்டார். அதனால் கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோயும் நீங்கியது.

எனினும் ஐக்மன், சோற்றின் மாப்பொருளில் ஒரு நஞ்சு உண்டெனவும், தவிட்டில் அதன் முறிப்பு மருந்து உண்டெனவும் விளக்கம் கூறினார். கிருமி கைவிடப்பட்டது; ஆனால் ஏதோவொரு தீய பொருள் உளது என்ற எண்ணம் கைவிடப்படவில்லை. யாவாவின் மருத்துவப் பரிசோதகர் வோர்டர்மன் 101 சிறைகளின் உணவை ஆராய்ந்து 1897இல் வெளியிட்ட முடிவுகள் சோற்றுக்கும் நோய்க்குமிடையிலான தொடர்பை மனிதரிடத்தும் நிறுவின. தீட்டாத அரிசி உண்ட கைதிகளுள் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரே நோயுற, தீட்டிய அரிசி உண்டோருள் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். ஐக்மனின் பின் ஆய்வைத் தொடர்ந்த கெரிற் கிறைன்ஸ், தவிட்டைப் போலவே பயறும் கோழிகளைக் காப்பதைக் கண்டார். நரம்புகளுக்கு இன்றியமையாத ஏதோவொன்று தீட்டிய அரிசியில் இல்லாமையே நோய்க்குக் காரணம் என 1901இல் அவர் துணிந்து உரைத்தார்.

மலாயாவிலும் இவ்வுண்மை வேறொரு வழியாற் புலப்பட்டது. அங்கே தீட்டிய சீயம் அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையாக மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். இதனைச் சுட்டிக்காட்டிய வைத்தியர் பிறடனும் 1907இல் எழுதிய நூலில் கெட்ட அரிசியின் நஞ்சையே காரணமாகக் கொண்டார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் 1905ஆம் ஆண்டில் பரிசோதனை தொடங்கிய பிளெச்சர், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீயம் அரிசியையும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியையும் வழங்கினார். முதற்பிரிவில் 18 பேர் இறந்தனர். மறுபிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. தமக்கு அளிக்கப்படுவதை மறுக்கும் ஆற்றலற்றோரின் உயிரே இவ்வறிவுக்கு விலையாயிற்று என்பது மறக்கற்பாலதன்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பாகத்துட் செல்கின்றது. பின்னர் தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை. 1912இல் கசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் எனப் பெயரிட்டார். 1926இல் ஜான்சனும் டொனத்தும் பத்தாவியாவிலேயே அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். இன்று விற்றமின் பீ1 எனப்படும் இது, காபோவைதரேற்றிலிருந்து உடல் சக்தியைப் பெறுவதற்கு இன்றியமையாதது. எரிபொருள் நிறைய இருந்தும் அதனைப் பயன்படுத்தும் வழி அடைபட்டதனாலேயே அம்மக்கள் மாண்டனர். 1929இல் ஐக்மனுக்கும் இங்கிலாந்தின் ஹொப்கின்சுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கிறைன்ஸ் அதிற் பங்கு பெறவில்லை.

உள்ளதொன்றைத் தேடுவது மனித மனத்துக்கு எளிது. இல்லாததொன்றைக் காரணமாகக் காண்பது அரிது. நீராவி ஆலைகள் வெண்மைக்காகவும் நெடுநாட் சேமிப்புக்காகவும் நீக்கிய தவிட்டை விஞ்ஞானமும் ஒரு காலத்தில் கழிவென்றே கருதியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் எக்கொள்கையும் அறிந்திலர். தம் ஊர் வழக்கை மட்டும் தம்முடன் கொண்டு சென்றனர். அவ்வழக்கைக் கண்ணுற்ற அறிஞரோ அதன் பொருளை உணரப் பல ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் மாண்டவர்களுள் மிகப் பலர், தாம் உண்ணும் அரிசியைத் தாமே தெரிவுசெய்ய இயலாதவர்கள்.