எடையும் ஏடும்

ஜிம்முக்குப் போனால் உடம்பு இறுகிவிடும், ஓட்டம் குறைந்துவிடும் என்ற பேச்சு நம் ஊர் மைதானங்களில் இன்னும் முழுதாக ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பெரும்பாலோரின் உறுதியான நம்பிக்கையே அதுதான். ஓட்டக்காரரோ நீச்சல்காரரோ கூடைப்பந்து ஆடுபவரோ, யாராக இருந்தாலும் எடை தூக்கக் கூடாது. மீறித் தூக்கினால் அணியில் இடம் போய்விடலாம். இத்தனைக்கும் பார்பெல் அங்கே அரிய பொருளாக இருக்கவில்லை. ஆலன் கால்வர்ட் 1902இல் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, வேண்டியபடி எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்களைத் தபால் வழியாக விற்றுவந்தார். கைக்கெட்டிய கருவியைப் போட்டி விளையாட்டுக்காரர்கள் பரவலாகத் தொடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. புதிய இயந்திரங்களும் பெரிய பணமும் வந்த பிறகு நிலைமை மாறியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். காலவரிசையைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. தூக்கிய எடையை எழுதிவைத்து, அதனால் வேகமும் தாவலும் கூடினவா குறைந்தனவா என்று அளந்து பார்க்கும் பழக்கம்தான் வலுப்பயிற்சியை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய நம்பிக்கையை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் கண்ணால் கண்ட பலசாலிகள் சர்க்கஸிலும் மேடைக் காட்சிகளிலும் சங்கிலி அறுத்தவர்கள், குதிரையைச் சுமந்தவர்கள். அவர்களில் பலர் பருத்த உடலினர். அவர்கள் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. வாழ்நாளெல்லாம் பாரம் சுமந்து முதுகு விறைத்துப்போன தொழிலாளிகளையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடும் உழைப்பு இதயத்தைக் கெடுக்கும் என்று எச்சரித்த மருத்துவர்களும் இருந்தார்கள். போதாக்குறைக்கு, சார்லஸ் அட்லஸைப் போல எடையே இல்லாத பயிற்சிமுறையைத் தபாலில் விற்றவர்களின் விளம்பரங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. கண்ணில் பட்டதெல்லாம் ஒரே முடிவைச் சொல்லும்போது அதைச் சந்தேகிக்க ஒரு காரணம் வேண்டும். பார்த்தது உண்மைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எடை தூக்கியவரின் வேகத்தையும் தூக்காதவரின் வேகத்தையும் அருகருகே வைத்து அளக்க யாரும் முனையாதவரை, அனுபவம் என்ற பெயரில் அச்சமே ஆட்சி செய்தது.

மாற்றத்தின் முதல் தடம் ஒரு ராணுவ மருத்துவமனையில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயமும் தொடையெலும்பு முறிவும் கொண்ட வீரர்கள் நிரம்பிக் கிடந்தார்கள். லேசான எடையைப் பலமுறை தூக்கவைக்கும் வழக்கமான சிகிச்சை மாதக்கணக்கில் இழுத்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் தாமஸ் டெலார்ம் இளவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு எடை தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர். காலில் இரும்புக் காலணி பூட்டி, அதில் தட்டுகளைச் சேர்த்து, நோயாளிகளைக் கனமான எடையைத் தூக்கவைத்தார். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: ஒருவர் சரியாக 10 முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையை முதலில் கண்டுபிடி, அதை வைத்துப் பயிற்சி கொடு, வாரந்தோறும் மறுபடி சோதித்து எடையை ஏற்று. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 70 முதல் 100 முறை தூக்கவைத்தவர், 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்று செட்டுகளாகக் குறைத்தார். அந்த எடையில் பாதி, முக்கால், முழுது, ஒவ்வொன்றும் 10 முறை. இன்று உலகின் எந்த ஜிம்மிலும் ‘மூணு செட், பத்து பத்து’ என்று கேட்கும் குரலில் அந்த வார்டின் எதிரொலி இருக்கிறது. படிப்படியாக எடை கூட்டும் யோசனையை டெலார்ம் கண்டுபிடிக்கவில்லை. பலசாலிகள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். அவர் அதை அளவுள்ள மருந்தைப் போல எழுதக்கூடியதாக்கினார். எழுதியதை இன்னொரு மருத்துவர் இன்னோர் ஊரில் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது.

மருத்துவமனை நோயாளி தேறினார் என்பதால் ஓட்டக்காரரின் வேகம் குறையாது என்று ஆகிவிடாது. அந்தக் கேள்விக்கான விடை மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உருவானது. 1891இல் கூடைப்பந்து பிறந்த இடம் அது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் படித்ததும் அங்கேதான். அங்கே உடலியங்கியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கார்போவிச் எடைப்பயிற்சியைச் சந்தேகத்தோடு பார்த்தவர். 1940இல் பளுதூக்கும் அணியை நடத்திவந்த பாப் ஹாஃப்மன் தன் வீரர்களைக் கல்லூரிக்கு அழைத்துவந்தபோது, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகைச் சொறிந்து காட்ட முடியுமா என்று அவர்களில் ஒருவரான ஜான் கிரிமெக்கிடம் கார்போவிச் கேட்டார். தசை திரண்ட கிரிமெக் சொறிந்து காட்டினார். கால்களை இருபுறமும் விரித்துத் தரையிலும் அமர்ந்தார். ஒருவரின் செயல் நிரூபணமாகாது என்பது அறிவியலாளருக்குத் தெரியும். கார்போவிச்சும் அவருடைய மாணவர் வில்லியம் ஜோர்பாஸும் 600 ஆண்களைச் சோதித்து 1951இல் முடிவை வெளியிட்டார்கள். எடை தூக்குபவர்கள் 300 பேர், தூக்காதவர்கள் 300 பேர். கையால் சுழற்றும் ஒரு கருவியை யார் வேகமாகச் சுற்றுகிறார்கள் என்பதே சோதனை. தூக்கியவர்களின் சராசரி வேகமே அதிகம். தன் சந்தேகத்துக்கு எதிரான முடிவைத் தானே அச்சிட்ட கார்போவிச்சின் நேர்மை, இந்த வரலாற்றில் எந்தக் கோப்பைக்கும் குறைந்ததல்ல.

ஆய்வுக்கூடத்திலிருந்து மைதானத்துக்கு இந்தச் செய்தி மெதுவாகவே நகர்ந்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஜிம் நடத்திவந்த ஆல்வின் ராய், உள்ளூர் இஸ்ட்ரோமா உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு எடைப்பயிற்சி தரப் பள்ளியைச் சம்மதிக்கவைத்தார். 1955இல் அந்த அணி மாநிலக் கோப்பையை வென்றது. அதில் ஆடிய பில்லி கேனன் பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அந்த அணி 1958இல் தேசியப் பட்டம் வென்றது, கேனன் 1959இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார். தடகளத்தில் 100 கஜ ஓட்டம், குண்டெறிதல் இரண்டிலும் அவர் பெயர் பெற்றவர். பாரம் ஏறினால் வேகம் இறங்கும் என்ற கூற்றுக்கு ஒரே உடலில் நடமாடிய மறுப்பு அது.

ஆனாலும் இதை ஒரு தொழிலாக்கிய ஊர் நெப்ராஸ்காவின் லிங்கன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 6 வெற்றி, 4 தோல்வி என்று தடுமாறியது. கோலூன்றித் தாண்டும் மாணவரான பாய்ட் எப்ளி முதுகில் அடிபட்டு, எடைக்கூடத்தில் தேறிவந்துகொண்டிருந்தார். காயம்பட்ட ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்துப் பயிற்சி செய்து, முன்னைவிட வலுவாகத் திரும்பி வருவதை உதவிப் பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்ன் கவனித்தார். 1969 ஆகஸ்டில் எப்ளிக்கு மணிக்கு 2 டாலர் கூலியில் வேலை கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவானி கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: யாராவது ஒருவரின் வேகம் குறைந்தாலும் எப்ளி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய அச்சம் அந்த நிபந்தனையில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது இப்போது சோதிக்கக்கூடிய கேள்வியாகிவிட்டது. வேகம் குறையவில்லை என்று காட்ட எப்ளிக்கு ஒரே வழிதான்: ஒவ்வொருவரின் 40 கஜ ஓட்ட நேரத்தையும் நின்றபடி எம்பும் உயரத்தையும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குறித்துவைப்பது. 1978இல் அதே லிங்கனில் 76 பயிற்சியாளர்கள் கூடி தேசிய வலுப்பயிற்சியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1985 முதல் அது சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. இன்று விளையாட்டு அணிகளில் வலுப்பயிற்சியாளர் என்றொரு பதவி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதே காலத்தில் சோவியத் ஒன்றியம் வேறு பாதையில் வந்து இதே இடத்தை அடைந்தது. 1952 ஹெல்சிங்கியில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இறங்கிய அந்த நாட்டில் பயிற்சி அரசு நிறுவனங்களின் பொறுப்பு. லெவ் மத்வேயெவ் 1960களில், வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைத் தொகுத்து, ஆண்டை ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைக்காலம் என்று பிரிக்கும் முறையை வகுத்தார். யூரி வெர்கொஷான்ஸ்கி, உயரத்திலிருந்து குதித்து உடனே மேலெழும்பும் பயிற்சியைத் தாண்டும் வீரர்களுக்கு அளவிட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் பல்கலைக்கழகப் போட்டி, மறுபக்கம் அரசுத் திட்டம். பணமும் அரசியலும் வேறுவேறாக இருக்க, இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பதிவேடு. அதையே காரணமாகக் கொள்ள எனக்கு இது வலுவான சான்றாகப் படுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது, வலுப்பயிற்சி ஆதியிலிருந்தே உண்டு என்பது. கிரேக்க மல்லன் மைலோ கன்றுக்குட்டியைத் தினமும் சுமந்து, அது காளையான பிறகும் சுமந்ததாகக் கதை, வட இந்திய மல்யுத்தக் கூடங்களான அகாடாக்களின் தண்டால், பைட்டக், நம் கர்லாக்கட்டை எல்லாம் அதற்குச் சாட்சி. இந்தியக் கட்டைகளைப் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துச் சென்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரப்பியது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. மறுக்க எதுவுமில்லை, அகாடாவில் வளர்ந்த மல்லர் காமா 1910இல் லண்டனில் உலகத்தரம் காட்டினார். ஆனால் அந்த அறிவு ஆசானின் கண்ணிலும் கையிலும் இருந்தது. நேரில் பார்த்து ஒரு சீடனுக்கு இன்னும் எவ்வளவு என்று சொல்ல ஆசானால் முடியும். அவரைப் பார்த்திராத ஓட்டக்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. மல்லர்களுக்கு உதவியது மற்றவர்களுக்கும் உதவும் என்று நம்பவைக்கும் ஒப்பீடும் அதில் இல்லை. மரபின் குறை அறிவில் இல்லை, கைமாற்றும் வழியில்தான் இருந்தது.

இரண்டாவது மறுப்பு கடினமானது: இந்த வளர்ச்சி பயிற்சியால் வந்ததா, மருந்தால் வந்ததா? டயனபால் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 1958இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மேலே பெருமையோடு சொன்ன அதே ஆல்வின் ராய், 1963இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்குப் போனபோது அந்த மாத்திரையை ஆட்டக்காரர்களுக்கு உணவு மேசையில் வைத்தார். அந்த ஆண்டு அவர்கள் லீக் கோப்பையை வென்றார்கள். ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை தொடங்கியதோ 1976இல். இந்தக் கறையை மறைத்து எழுதும் வரலாறு பொய்யானது. ஆயினும் டெலார்மின் வார்டு, கார்போவிச்சின் 600 பேர், இஸ்ட்ரோமா பள்ளி எல்லாம் டயனபால் வருவதற்கு முந்தியவை. பயிற்சியின் பலன் அதற்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. அதேசமயம் பதிவேட்டின் எல்லையையும் இந்தக் கதை காட்டுகிறது: எண் கூடியது என்று அது சொல்லும், எந்த விலைக்குக் கூடியது என்று சொல்லாது. அதைக் கேட்கும் பொறுப்பு மனிதருடையது.

மூன்றாவது, நெப்ராஸ்கா 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம் வென்றதற்கு எடைக்கூடம்தான் காரணமா என்ற கேள்வி. அதே 1969இல் ஆஸ்பார்ன் அணியின் தாக்குதல் ஆட்டமுறையையே மாற்றினார். நல்ல ஆட்டக்காரர்களும் சேர்ந்தார்கள். எனவே கோப்பைகளை வைத்து எதையும் நிறுவ முடியாது. நானும் அவற்றைச் சான்றாக நம்பவில்லை. வெற்றிக்குப் பல காரணங்கள் கலந்திருக்கும். ஒருவரின் ஓட்ட நேரம் ஜூனில் எவ்வளவு, செப்டம்பரில் எவ்வளவு என்ற குறிப்பில் அந்தக் கலப்பு குறைவு. கோப்பையை விடச் சிறிய, தெளிவான கேள்வியைக் கேட்கத் தெரிந்ததே இந்தத் துறையின் உண்மையான சாதனை.

இந்த வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது செயலுக்கான வழி. தமிழ்நாட்டின் மாவட்ட மைதானங்களில் ஓடும், தாண்டும், கபடி ஆடும் பிள்ளைகளுக்கு இறக்குமதி இயந்திரங்கள் இல்லையே என்று வருந்துகிறோம். கார்டினர் மருத்துவமனையில் இருந்தது இரும்புக் காலணியும் சில தட்டுகளும்தான். ஒரு பார்பெல், ஒரு அளவு நாடா, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு ஆகியவை எந்தப் பள்ளியின் சக்திக்கும் உட்பட்டவை. நோட்டில் எடையும் செட்டும் மட்டும் போதாது. ஓட்ட நேரமும் தாவலும், வலியும் காயமும், ஓய்வெடுத்த நாளும் அதில் ஏற வேண்டும். டெவானி எப்ளியிடம் கேட்ட கணக்கை ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையும் தங்கள் பயிற்சியாளரிடம் கேட்கலாம். வளரும் உடலின் தோளில் பாரத்தை வைக்கும் எவரும், அந்தப் பாரம் என்ன செய்தது என்பதற்கு எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.