மூன்றாம் வாசல்

எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணன் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டான். அதே கிணற்று மேட்டில் நானும் அம்மாவும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஒன்றுதான்; அவனுக்கு விளையாட்டு, எங்களுக்கு வேலை. எங்கள் வயலில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ அந்தக் கிணற்றில் இறங்கவே அனுமதியில்லை.

இப்போது நான் வசிக்கும் புறநகரில் பொது நீச்சல்குளம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வயல்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. அவற்றுள் சிலவற்றில் குளம் உண்டு, குடியிருப்போருக்கு மட்டும். மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இத்தகைய கோரிக்கையின் முன்கதையைத் தேடினேன். லிவர்பூலின் சலவைத் தொழிலாளி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

கிட்டி வில்கின்சன் 1786இல் அயர்லாந்தின் டெர்ரியில் பிறந்தவர். சிறுமியாக இங்கிலாந்து வந்து பஞ்சாலையில் வேலை பார்த்தார். துறைமுகத்தால் பெருத்துக்கொண்டிருந்த லிவர்பூலில் 1832இல் காலரா பரவியது. அக்கம்பக்கத்தில் வெந்நீர்க் கொப்பரை இருந்தது கிட்டியின் வீட்டில்தான். நோயாளிகளின் துணிகளையும் படுக்கைகளையும் வெளுக்க அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். 1842இல் பிரெடரிக் தெருவில் பொதுக் குளியலகமும் சலவையகமும் திறக்கப்பட்டன. 1846இல் கிட்டியும் கணவரும் அதன் பொறுப்பாளர்கள் ஆனார்கள்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் குளியலகங்கள், சலவையகங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளாட்சிகள் அவற்றைக் கட்டலாம் என்றதே தவிர, கட்டியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கூரையிட்ட நீச்சல்குளங்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது 1878இல்.

அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று தேம்ஸ் நதியில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் குழந்தைகளும் ஏராளம். கனத்த பாவாடைகள் நீரில் ஊறிக் கீழே இழுக்க, நீந்தத் தெரிந்த பெண்களோ மிகச் சிலர். பெண்களுக்கு நீச்சல் எதற்கு என்ற கேள்விக்கு அந்த நதி பதில் சொல்லிவிட்டது.

ஆனாலும் குளம் வந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுவதில்லை. 1906இல் மான்செஸ்டரில் திறக்கப்பட்ட விக்டோரியா குளியலகத்துக்கு மூன்று வாசல்கள்: ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள். மூன்று குளங்கள் இருந்தன. தண்ணீருக்கும் வரிசை இருந்தது. முதல் வகுப்பு ஆண்கள் குளித்த நீர் இரண்டாம் வகுப்புக்குப் போனது. அங்கிருந்து பெண்களுக்கு வந்தது. பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1933இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த சன்னி லோரி பயிற்சி பெற்றதும் அந்தக் குளியலகத்தில்தான். மிச்ச நீராக இருந்தாலும் உள்ளே போக ஒரு வாசல் வேண்டியிருந்தது.

2004 சுனாமியில் நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். கடலோடு வாழ்ந்த பெண்கள். மீனை வாங்கவும் விற்கவும் கரையில் நின்றார்கள். நீந்த யாரும் கற்றுத்தரவில்லை. புடவையும் இடுப்புக் குழந்தையும் ஓட்டத்தைத் தடுத்தன.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், "பெண்களுக்கு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஒதுக்கிடலாம் மேடம், அப்ப கூட்டம் இருக்காது" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவள் அலுவலகத்தில் இருப்பாள், வீட்டில் இருப்பவள் அடுப்படியில் இருப்பாள். கூட்டம் இருக்காதுதான்.

மனுவைத் திருத்தி எழுதினேன். காலையிலும் மாலையிலும் பெண்களுக்கு நேரம், பெண் பயிற்றுநர், உடை மாற்ற அறை, கூலி வேலை செய்பவர் கொடுக்கக்கூடிய கட்டணம். இவை இல்லாவிட்டால் அதைப் பொதுக்குளம் என்று அழைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். கற்றுக்கொள்ள விரும்புவோர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.