பதிலிக்குக் கிடைக்காத பாதிச் சம்பளம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் ஹார்வி மில் எழுந்தது. பின்னாளில் திருமங்கலம் சாலையில் கப்பலூர் வரை நூற்பாலைகள் வந்தன. பஞ்சு தீர்ந்தாலும் மின்சாரம் நின்றாலும் கதிர் நிற்கும். கூடவே கூலியும் நிற்கும்.

1953-இல் நாடெங்கும் ஜவுளி ஆலைகளில் சரக்குத் தேங்கியது. அப்போதுதான் தொழில் தகராறு சட்டத்தில் ‘லே-ஆஃப்’ நுழைந்தது. பெயர் பதிவேட்டில் இருக்கும், வேலை இருக்காது. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். அதுவும் ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்குத்தான். வராதவருக்குப் பதிலாக வேலை கிடைக்குமா என்று மில் வாசலில் தினமும் காத்துக்கிடந்த ‘பதிலி’க்கு அந்தப் பாதியும் இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே.

‘ஆட்குறைப்பு’ வேறு. அதில் திரும்பி வர உறுதியில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ‘கதவடைப்பு’ என்பதோ தகராறில் முதலாளி எடுக்கும் ஆயுதம்.

1976-இல் பெரிய ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி கட்டாயமானது. அந்த விதி செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். மதுரை மீனாட்சி மில் தொழிலாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1992-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.