காற்று எங்கே கசிகிறது?

நெய்வேலி நகரியத்தின் நிழல் படர்ந்த சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்காகவே, பணி ஓய்வுக்குப் பின் டியூப் இல்லாத டயர் பொருத்திய வண்டியொன்றை வாங்கினேன். சில மாதங்களில், இரவில் நிரப்பிய காற்று விடிவதற்குள் இறங்கத் தொடங்கியது. டயரே பழுது என்று முடிவுகட்டிப் புதியதை மாற்றினேன், பயனில்லை. "குமிழ் எங்கே வருதுன்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் பஞ்சர் கடை முதியவர். பொருளியல் கற்பித்த நான், கசிவின் இடம் அறியாமலே செலவு செய்திருந்தேன்.

இவ்வமைப்பில் காற்றைக் காப்பவை நான்கு: டயர், அதன் விளிம்பு ரிம்மில் பதியும் இடம், ஸ்போக் துளைகளை மூடும் உள்நாடா, வால்வு. உள்ளே ஊற்றப்படும் சீலண்ட் திரவம் சிறு துளைகளை அடைக்கும்.

முதலில் காற்றை நிரப்பிச் சோப்பு நீரைப் பூச வேண்டும். வால்வின் வாயில் குமிழ் வந்தால் அதன் உட்பகுதியை இறுக்கலாம் அல்லது மாற்றலாம். வால்வின் அடியில் வந்தால் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். அப்படியும் நிற்காவிட்டாலோ, ஸ்போக் முனைகளில் குமிழ் தோன்றினாலோ உள்நாடாவையே ஐயுற வேண்டும். நாடா ஓரிடத்தில் விலகினால், காற்று ரிம்மின் உட்குழிவில் பரவி வேறிடத்தில் வெளியேறும். என்னை ஏமாற்றியது இதுவே.

டயர் விளிம்பில் கசிந்தால், காற்றை இறக்கி அழுக்கையும் உறைந்த சீலண்டையும் துடைத்து மீண்டும் பதிய வைக்கலாம். டயரில் சிறு துளை இருந்தால், அப்பகுதியைக் கீழ்நோக்கி வைத்தால் சீலண்ட் அங்கே திரண்டு அடைக்கும். அடைக்காவிட்டால் திரவம் உலர்ந்திருக்கலாம். நம் கோடையில் அது விரைந்து உலரும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நலம்.

காற்று நிற்கவில்லையென்று கூடுதலாக ஏற்றுவது மட்டும் ஆபத்து. டயரைப் பற்றும் கொக்கி மடிப்பு இல்லாத ரிம்களுக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. டயரில் அதனினும் குறைந்த வரம்பு குறித்திருந்தால் அதுவே எல்லை. மீறினால் ஓடும்போதே டயர் கழன்றுவிடக்கூடும்.

டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழைக் காணாமல் எந்தப் பஞ்சர் கடைக்காரரும் ஒட்டுப் போடுவதில்லை. டியூப் போய்விட்டாலும் அந்த ஒழுங்கை நாம் விட்டுவிட வேண்டியதில்லை.